எழுத்துகளில் கரந்துறையும் சொற்கள்



கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தை அறியாத தமிழர் இருக்க முடியாது. ஆனால் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? 1881ஆம் ஆண்டில் முதலில் தீயும், பின்னர் வெள்ளமும் கோலாலம்பூர் நகரைப் பாழாக்கின. மரச்சுவரும் அத்தாப்புக் கூரையுமாக இருந்த கடைகளும் வீடுகளும் அழிந்தன. இனிமேல் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டவேண்டும் என்ற ஏற்பாடு பிறந்தது. அதற்காகக் களிமண் எடுத்துச் செங்கல் அறுத்த இடமே பிரிக்ஃபீல்ட்ஸ். பிரிக் என்றால் செங்கல். ஃபீல்ட்ஸ் என்றால் வெளிகள்.

இன்று நாம் அந்தப் பெயரையே ஒவ்வொரு செங்கல்லாகப் பிரித்துப் பார்க்கப் போகிறோம். ஒரே செங்கற்களைக் கொண்டு வீடும் கட்டலாம், மதிலும் கட்டலாம், கிணற்றுச் சுவரும் கட்டலாம். அதுபோலவே, கையில் உள்ள சில ஆங்கில எழுத்துகளைக் கொண்டு எத்தனை சொற்களைக் கட்டலாம், அவற்றை எப்படித் தேடிக் கண்டுபிடிப்பது என்பதே இன்றைய பேச்சு.

இது வெறும் பொழுதுபோக்குத்தானே என்று சிலர் நினைக்கலாம். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் நம் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். தமிழ் அவன் தாய்மொழி. மலாய் நாட்டுமொழி, பாடங்கள் பலவும் அம்மொழியில் நடக்கும். ஆங்கிலம் மூன்றாவதாக வந்து நிற்கிறது. தமிழில் 'அம்மா' என்பதை ஒலிக்கிறபடியே எழுதிவிடலாம். ஆங்கிலத்தில் 'லிசன்' என்று காதால் கேட்கிற சொல்லை எழுதும்போது, ஒலிக்காத ஓர் எழுத்தை நடுவே நுழைக்க வேண்டும். பிள்ளை கேட்டபடியே எழுதுகிறான். தாளில் சிவப்புக் கோடு விழுகிறது. பத்துத் தடவை எழுது என்கிறோம். அவனும் எழுதுகிறான். கை எழுதுகிறது; மனம் வேறெங்கோ இருக்கிறது. நாளடைவில் ஆங்கிலம் நமக்கு வராது என்ற அச்சம் நெஞ்சில் தங்கிவிடுகிறது. அந்த அச்சத்தைப் போக்க எழுத்துகளோடு விளையாடிப் பழகுவது ஒரு நல்ல வழி.

மேலே செல்லுமுன் ஒரு சிறு ஏற்பாடு. வானொலியில் ஆங்கில எழுத்துகளைச் சொல்லும்போது ஒரு தொல்லை உண்டு. நான்காம் எழுத்தும் இருபதாம் எழுத்தும் நம் காதில் ஏறக்குறைய ஒன்றாகவே விழும். ஆகையால், நாயைக் குறிக்கும் 'டாக்' என்ற சொல்லின் முதல் எழுத்தை 'டி' என்று குறுக்கியும், தேநீரைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்தை 'டீ' என்று நீட்டியும் சொல்வேன். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் என்ற பெயரில் பதினோர் எழுத்துகள்: பி, ஆர், ஐ, சி, கே, எஃப், ஐ, ஈ, எல், டி, எஸ். முதலில் உயிரெழுத்துகளைத் தனியே ஒதுக்குவோம். ஐ இரண்டு, ஈ ஒன்று, ஆக மூன்றுதான். ஏ, ஓ, யூ ஆகியவை இல்லை. ஆகவே அவை வரும் சொற்களைத் தேடிக் காலத்தை வீணாக்க வேண்டியதில்லை. இனிப் பாருங்கள். பி, ஐ, ஆர், டி எடுத்தால் பறவை, பேர்ட். எஸ், ஐ, எல், கே எடுத்தால் பட்டு, சில்க். எல், ஐ, எஃப், ஈ எடுத்தால் வாழ்க்கை, லைஃப். எஃப், எல், ஐ, சி, கே, ஈ, ஆர் என்ற ஏழையும் எடுத்தால் ஃபிளிக்கர். விளக்குச் சுடர் நடுங்குவதைக் குறிக்கும் சொல்.

ஆர், ஐ, சி, ஈ எடுத்தால் ரைஸ், அதாவது சோறு. எஃப், ஆர், ஐ, ஈ, டி எடுத்தால் ஃபிரைட், பொரித்தது. அப்படியானால் பிரிக்ஃபீல்ட்ஸ் என்ற பெயருக்குள்ளேயே 'ஃபிரைட் ரைஸ்' இருக்கிறதா? கடைத்தெருவில் இருக்கிறது, பெயரில் இல்லை! ஏனென்றால் இரண்டு சொற்களுக்கும் தனித்தனியே ஓர் ஆரும் ஓர் ஈயும் வேண்டும். நம்மிடமோ ஆர் ஒன்று, ஈ ஒன்று. ஓர் எழுத்து எத்தனை தடவை இருக்கிறதோ, அத்தனை தடவைதான் அதைப் பயன்படுத்தலாம். இது முதல் விதி. பிள்ளைகள் அதிகம் தவறுவதும் இங்கேதான்.

இதுவரை கண்டது, கொடுத்த எழுத்துகளை மட்டும் வைத்துச் சொல் கட்டும் வேலை. இதற்கு நேர்மாறான வேலையும் உண்டு. கொடுத்த எழுத்துகள் யாவும் உள்ளே இருக்க வேண்டும். வேறு எழுத்துகளும் சேரலாம். முன்னதில் எழுத்துகள் எல்லை. பின்னதில் எழுத்துகள் கடமை. இரண்டையும் குழப்பிக்கொண்டால் தேடல் குழம்பிவிடும்.

இரண்டாவது வேலைக்குக் கிள்ளானுக்குப் போவோம். ஆங்கிலத்தில் கிள்ளானை கே, எல், ஏ, என், ஜி என்று ஐந்து எழுத்துகளால் எழுதுகிறோம். இந்த ஐந்தும் அடங்கிய ஆங்கிலச் சொல் ஒன்று சொல்லுங்கள் என்றால் பலரும் திகைப்பார்கள். அகராதியை எடுத்துப் புரட்டினாலும் பயனில்லை. முதலெழுத்து தெரியாதவனுக்கு அகராதி கதவைத் திறப்பதில்லை. ஆனால் எழுத்துகளுக்குள் நட்பு உண்டு என்பதை அறிந்தவர் எளிதில் கண்டுபிடிப்பார். என், ஜி என்ற இரண்டையும் பார்த்தவுடன் அவற்றின் பழைய தோழன் ஐ நினைவுக்கு வரவேண்டும். ஐ, என், ஜி மூன்றும் சேர்ந்தால் 'இங்' என்ற விகுதி. அதை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டால் மீதி கே, எல், ஏ. இனி டீ ஒன்றைச் சேர்த்தால் டாக், பேச்சு, விகுதியோடு டாக்கிங். டபிள்யூ ஒன்றைச் சேர்த்தால் வாக், நடை, விகுதியோடு வாக்கிங். ஈ ஒன்றைச் சேர்த்தால் லீக், ஒழுகுதல், விகுதியோடு லீக்கிங். கிள்ளானிலிருந்து பேச்சும் நடையும் ஒழுகும் கூரையும் கிடைத்துவிட்டன.

இதிலிருந்து நாம் பெறும் இரண்டாவது விதி: விகுதியையும் முன்னொட்டையும் முதலில் கழற்றி வை. ஈ, டி இருந்தால் இறந்தகாலம் ஆகுமா? ஈ, ஆர் இருந்தால் செய்பவனைக் குறிக்குமா? எஸ் இருந்தால் பன்மை ஆகுமா? யூ, என் இருந்தால் எதிர்மறை முன்னொட்டு ஆகுமா? இவற்றைக் கேட்டுப் பார்த்தால் ஒன்பது எழுத்துச் சிக்கல் ஐந்து எழுத்துச் சிக்கலாகச் சுருங்கும். அப்படியே சேர்ந்து திரியும் இணைகளையும் அறிந்துகொள்ள வேண்டும். சி வந்தால் பக்கத்தில் எச் அல்லது கே இருக்கிறதா என்று பார்க்கலாம். கியூ வந்தால் பெரும்பாலும் யூ தேவை. அரிய எழுத்தை முதலில் கவனித்தால், அதற்கு இடம் தரும் சொற்கள் சிலவே என்பதால் தேடல் விரைவில் முடியும்.

மூன்றாவது விதி: எழுத்துகளை வரிசையாக எழுதாதே, வட்டமாக எழுது. வரிசையாக எழுதினால் கண் அந்த வரிசையையே திரும்பத் திரும்பப் படிக்கும். வட்டமாக எழுதினால் முதலும் முடிவும் இல்லை. எந்த எழுத்திலிருந்தும் தொடங்கலாம். காகித அட்டையில் எழுதி இடம் மாற்றிப் பார்த்தால் இன்னும் நல்லது.

எல்லா வரிசைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் போகிறது என்று சிலர் சொல்லலாம். கணக்குப் பார்ப்போம். ஆறு வெவ்வேறு எழுத்துகளை 720 விதமாக வரிசைப்படுத்தலாம். ஏழு என்றால் 5,040. எட்டு என்றால் 40,320. கையால் எழுதிப் பார்க்கப் பொறுமை போதாது. ஆகையால் வேறு உபாயம் வேண்டும்.

அந்த உபாயம் மிக எளியது. நாம் முன்பு சொன்ன 'லிசன்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். எல், ஐ, எஸ், டீ, ஈ, என். இந்த ஆறு எழுத்துகளையும் ஆங்கில நெடுங்கணக்கின் முறைப்படி அடுக்குங்கள்: ஈ, ஐ, எல், என், எஸ், டீ. இதை அச்சொல்லின் திறவுகோல் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, 'சைலண்ட்' என்ற சொல்லையும் அப்படியே அடுக்கிப் பாருங்கள். அதே திறவுகோல்! ஜிகினாவைக் குறிக்கும் 'டின்சல்', பட்டியலில் சேர்த்துக்கொள் என்று பொருள்படும் 'என்லிஸ்ட்', கடல் நிலத்துக்குள் நுழையும் கழிகளைக் குறிக்கும் 'இன்லெட்ஸ்' ஆகியவற்றுக்கும் அதே திறவுகோல்தான். ஒரே எழுத்துகளைக் கொண்ட சொற்கள் எல்லாம் ஒரே திறவுகோலின் கீழ் வந்து சேரும். ஒவ்வொரு சொல்லையும் ஓர் அட்டையில் எழுதி, தலைப்பில் திறவுகோலைக் குறித்து, அத்தலைப்பின் வரிசைப்படி அடுக்கிவைத்தால், கலைந்த எழுத்துகளைக் கண்டதும் உரிய அட்டையை உடனே எடுத்துவிடலாம். இன்று கைத்தொலைபேசியில் எழுத்துகளைத் தட்டியவுடன் சொற்கள் வந்து விழுகின்றனவே, அதற்குப் பின்னால் இருக்கும் வழிகளுள் இதுவும் ஒன்று.

கவனித்துக் கேட்பது 'லிசன்', அமைதி 'சைலண்ட்'. இரண்டுக்கும் எழுத்துகள் ஒன்றே. இதை ஒருமுறை அட்டையில் மாற்றி அடுக்கிப் பார்த்த பிள்ளை, 'சைலண்ட்' முடிவில் ஒலிக்கும் டீ, 'லிசன்' நடுவே ஊமையாக நிற்கிறது என்பதை மறப்பதில்லை. பத்துத் தடவை எழுதியும் பதியாதது இப்படிப் பதிந்துவிடுகிறது.

சொற்களை வேறொரு முறையில் அடுக்கிவைக்கும் எண்ணம் நமக்குப் புதிதல்ல. வீரமாமுனிவர் 1732இல் தொகுத்த சதுரகராதியை அறிஞர்கள் அறிவார்கள். பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதிகள் உள்ளதால் அதற்கு அந்தப் பெயர். அவற்றுள் தொடை அகராதி, எதுகைச் சொல் தேடுவோருக்கு உதவுவது. எதுகை என்பது இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது அல்லவா? முதலெழுத்தைப் பார்த்துத் தேடும் வழக்கமான அகராதி புலவனுக்கு அங்கே உதவாது. எனவே அவன் தேவைக்கு ஏற்பச் சொற்களை வேறு வகையில் அடுக்கித் தந்தார். தேடுபவனின் கையில் என்ன இருக்கிறதோ, அதற்கு ஏற்றபடி அடுக்கு இருக்க வேண்டும் என்பதே இதில் உள்ள நுட்பம்.

நம் அணி இலக்கண நூலான தண்டியலங்காரத்தில் சொல்லப்படும் சித்திரக்கவி வகைகளையும் இங்கே நினைவுகூரலாம். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வருவது மாலைமாற்று; திருஞானசம்பந்தர் அவ்வகையில் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் இன்னொரு செய்யுளை ஒளித்துவைப்பது கரந்துறை செய்யுள். ஒரு சொல்லோடு ஓரோர் எழுத்தாகச் சேர்த்து வேறு வேறு சொல்லாக வளர்ப்பது எழுத்து வருத்தனம். இந்த எழுத்து வருத்தனத்தை ஆங்கிலத்திலும் செய்து பார்க்கலாம். ஏ, டீ என்ற இரண்டெழுத்துச் சொல்லில் தொடங்குங்கள். முன்னே ஈ சேர்த்தால் உண், ஈட். அதன் முன்னே எச் சேர்த்தால் வெப்பம், ஹீட். அதன் முன்னே டபிள்யூ சேர்த்தால் கோதுமை, வீட். ஒரே சொல் மூன்று படிகள் ஏறிவிட்டது. நம் புலவர்கள் விளையாடிய விளையாட்டையே நம் பிள்ளைகள் இன்னொரு மொழியில் விளையாடுகிறார்கள். இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது?

கணக்கில் ஆர்வமுள்ள மாணவர்களுக்கு இன்னொரு வழி சொல்கிறேன். பகா எண் என்பது ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண் என்று படித்திருப்பீர்கள். ஏ என்ற எழுத்துக்கு 2, ஈ என்பதற்கு 3, ஆர் என்பதற்கு 5, டீ என்பதற்கு 7 என்று பகா எண்களைக் கொடுங்கள். தேநீரைக் குறிக்கும் சொல்லில் டீ, ஈ, ஏ உள்ளன. 7, 3, 2 ஆகியவற்றைப் பெருக்கினால் 42. 'ஈட்' என்ற சொல்லுக்கும் 42. அதன் இறந்தகாலமான 'ஏட்' என்பதற்கும் 42. எழுத்துகள் ஒன்றானால் பெருக்குத்தொகையும் ஒன்றே. அடுத்து 'ரேட்', அதாவது விகிதம்: ஆர், ஏ, டீ, ஈ. பெருக்கினால் 210. அந்த 210ஐ 42ஆல் வகுத்தால் மீதியின்றி 5 வருகிறது. எனவே ரேட் என்ற சொல்லுக்குள் டீ, ஈ, ஏ மூன்றும் இருக்கின்றன. மிஞ்சியது 5, அதாவது ஆர். மரத்தைக் குறிக்கும் 'ட்ரீ' என்ற சொல்லுக்கு டீ, ஆர், ஈ, ஈ, 7, 5, 3, 3, பெருக்குத்தொகை 315. அதை 42ஆல் சரியாக வகுக்க முடியாது. ஆகவே அதற்குள் தேநீர் இல்லை. எந்த எண்ணையும் பகா எண்களாக ஒரே விதமாகத்தான் பிரிக்க முடியும் என்ற விதி இங்கே காவல் நிற்கிறது.

இந்த விளையாட்டு உலகமெங்கும் பரவக் காரணமாக இருந்தது ஸ்கிராபிள். ஆல்பிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று பொறுமையாக எண்ணினார். அந்த எண்ணிக்கையை வைத்து எழுத்துக் கட்டைகளைப் பகுத்து, 1938இல் ஒரு விளையாட்டை அமைத்தார். அது 1948இல் ஸ்கிராபிள் என்று பெயர் பெற்றது. மொத்தம் நூறு கட்டைகள். ஈ 12, ஏ, ஐ ஒவ்வொன்றும் 9, ஓ 8, என், ஆர், டீ ஒவ்வொன்றும் 6, எல், எஸ், யூ, டி ஒவ்வொன்றும் 4, ஜி 3, கே, ஜே, எக்ஸ், கியூ, இசட் ஒவ்வொன்றும் 1, ஏனைய ஒன்பது எழுத்துகளும் இரண்டிரண்டு, எழுத்தில்லாத கட்டை இரண்டு. கூட்டிப் பாருங்கள், நூறு வரும். கடையில் வாங்க வேண்டும் என்பதில்லை. பழைய நாள்காட்டி அட்டையை வெட்டி இந்தக் கணக்குப்படி எழுதினால் வீட்டிலேயே செய்துவிடலாம்.

இவ்விளையாட்டின் உலகப் போட்டி 2003இல் நம் கோலாலம்பூரிலேயே நடந்தது. அதில் வென்றவர் தாய்லாந்தைச் சேர்ந்த இளைஞர் பானுபோல். ஆங்கிலம் அவருடைய நாட்டுமொழி அன்று. 2007இல் மும்பையில் நடந்த உலகப் போட்டியின் இறுதிச்சுற்றுக்கு நம் நாட்டின் கணேஷ் ஆசீர்வாதம் முன்னேறி, இரண்டாம் இடம் பெற்றார். அவரை வென்றவர் நியூசிலாந்தில் பிறந்து மலேசியாவில் குடியமர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ். அந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015இல் பிரெஞ்சு மொழிப் போட்டியிலும் வென்றார். வியப்பு என்னவென்றால், அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. சொற்களின் எழுத்து வடிவங்களை மனத்தில் ஏற்றிக்கொண்டே வென்றார்.

இச்செய்தியில் நமக்கு ஊக்கமும் இருக்கிறது, எச்சரிக்கையும் இருக்கிறது. ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறக்காதவரும் இதில் முதன்மை பெறலாம் என்பது ஊக்கம். பொருள் தெரியாமல் எழுத்தை மட்டும் அறிந்தாலும் போட்டியில் வெல்லலாம், ஆனால் மொழி வந்துவிடாது என்பது எச்சரிக்கை. நம் பிள்ளைக்கு வேண்டியது கோப்பை அன்று. ஒரு கடிதம் எழுதும் துணிவு, ஒரு நேர்முகத் தேர்வில் நிமிர்ந்து பேசும் துணிவு. ஆகவே வீட்டில் விளையாடும்போது ஒரு விதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்டுபிடித்த சொல்லுக்குப் பொருள் சொன்னால் ஒரு புள்ளி. அதை வைத்து ஒரு வாக்கியம் அமைத்தால் இரண்டு புள்ளி. பொருள் தெரியாவிட்டால் அகராதியைப் பார்த்துச் சொன்ன பிறகே புள்ளி.

பெற்றோருக்கும் ஒரு சொல். எனக்கு ஆங்கிலம் வராது, பிள்ளைக்கு நான் என்ன சொல்லித் தர முடியும் என்று தாய்மார் சிலர் ஒதுங்கிக்கொள்வதுண்டு. இந்த விளையாட்டில் ஒதுங்க வேண்டியதில்லை. எழுத்துகள் சரியாக எண்ணப்பட்டனவா, ஒரே எழுத்தை இருமுறை எடுத்துவிட்டானா, சொல் அகராதியில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு இருபத்தாறு எழுத்துகளை அறிந்தால் போதும். அவன் தேடட்டும், நீங்கள் நடுவராக இருங்கள். அவன் சொல்லும் பொருளைக் கேட்டு நீங்களும் ஒரு சொல் கற்றுக்கொள்ளலாம். இரவு உணவுக்குப் பிறகு கால்மணி நேரம் போதும். அந்தக் கால்மணியில் அவன் கற்பது எழுத்துக்கூட்டல் மட்டுமல்ல. தன் வீட்டில் தன் மொழி பேசுவோர் நடுவே அமர்ந்தே இன்னொரு மொழியையும் வசப்படுத்தலாம் என்ற நம்பிக்கையையும் கற்கிறான்.

ஆங்கில அகராதியும் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. நம் கட்டுமரம் அங்கே 'கட்டமரான்' என்று மிதக்கிறது. நம் சுருட்டு 'செரூட்' என்று புகைகிறது. மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' என்று வெந்துகொண்டிருக்கிறது. மலாய் மொழியிலிருந்து போன சொற்களும் அங்கே உண்டு. நம் சொற்கள் போய்க் குடியேறிய வீட்டுக்குள் நம் பிள்ளைகள் நுழைய அஞ்சலாமா?

முடிக்குமுன் ஒரு சிறு பயிற்சி. சிலாங்கூரை ஆங்கிலத்தில் எஸ், ஈ, எல், ஏ, என், ஜி, ஓ, ஆர் என்று எட்டு எழுத்துகளால் எழுதுகிறோம். எட்டும் வெவ்வேறு எழுத்துகள். அவற்றுள் எல் என்ற ஒன்றை மட்டும் ஒதுக்கிவிட்டு, மீதி ஏழையும் வட்டமாக எழுதுங்கள். பன்மை விகுதியைக் கழற்றி வையுங்கள். நம் சந்தைகளில், சீனப் பெருநாள் காலத்தில் பெட்டி பெட்டியாக விற்கும் ஒரு பழத்தின் பெயர் உங்களுக்குக் கிடைக்கும். இன்றிரவு உங்கள் பிள்ளையோடு அமர்ந்து தேடிப் பாருங்கள். உங்களுக்கு முன்னால் அவனே கண்டுபிடித்துவிட்டால் மனம்விட்டுப் பாராட்டுங்கள்.